பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் கிடைத்தால்: முழுமையான வழிகாட்டி

கல்யாணம், சாந்தி (அறுபது வயது நிறைவுச் சடங்கு), கோயில் கும்பாபிஷேகம் என்று ஏதாவது ஒன்று வந்தால்தான் பல வீடுகளில் உள்வீட்டு அறைகளின் பூட்டே திறக்கிறது. வீட்டை விற்பது, பங்கு பிரிப்பது, ஓட்டலுக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவானாலும் அப்படித்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு என்று எந்த ஊராக இருந்தாலும், பெட்டகத்தின் அடித்தட்டில் கணக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய துப்பாக்கியோ பிஸ்கட் டின் நிறையத் தோட்டாவோ இருக்க வாய்ப்புண்டு. நகையும் ரொக்கமும் இருந்த வீட்டுக்குக் காவல் வேண்டியிருந்தது. பர்மா, மலேயா என்று போய் வந்தவர்கள் அங்கிருந்தும் கொண்டுவந்தார்கள்.

துப்பாக்கியைவிட அதனோடு இருக்கும் தோட்டாவும் வெடிமருந்தும்தான் எனக்குப் பெரிய கவலை. அதிலும் கடையில் வாங்காமல் வீட்டிலேயே கையால் அடைத்த தோட்டா. அதனுள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் தோட்டாவுக்குக் கீழே வரும் சோதனைகள் எல்லாம் கண்ணால் மட்டும் செய்பவை. திறந்து பார்ப்பது, எடைபோடுவது, ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது எதுவும் இதில் கிடையாது.

முதல் பத்து நிமிடம்

கண்ணில் பட்டதும் கையை எடுத்துவிடுங்கள். அறையில் இருக்கும் பிள்ளைகள், சுத்தம் செய்ய வந்தவர்கள், ஆசாரி எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். கதவு கழற்ற கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்; ஒரு பொறி பறந்து கருமருந்தில் விழுந்தால் போதும். அறை இருட்டாக இருக்கிறது என்று காமாட்சி விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்ற வேண்டாம். டார்ச் லைட் போதும். சாம்பிராணி, ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் வீட்டின் அந்தக் கட்டுக்குள்ளேயே வேண்டாம்.

சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வரவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பங்காளிகளில் ஒருவரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே நாலைந்து படம் எடுங்கள். அந்தப் படங்கள் ஸ்டேஷனில் காட்டுவதற்கு. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். பூட்டிய வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிய வேண்டாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.

துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா?

இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா காலத்துலயே காலி பண்ணி வச்சது" என்று யார் சொன்னாலும் சரி.

பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். முதலாவது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழலின் பின்பக்கம் மூடியே இருக்கும், பக்கவாட்டில் சின்ன முலை போல ஒரு இரும்புக் குமிழ், அதன்மேல் கேப்பு (அடிபட்டால் பொறி தரும் சின்ன மூடி) மாட்டுவார்கள். கெட்டித்த மருந்து ஐம்பது, நூறு வருடம் ஆனாலும் உள்ளேயே இருக்கும். கேப்பு இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது. மருந்துக்குச் சூடோ பொறியோ போதும். துருவை எடுக்கிறேன் என்று குழலை அடுப்பில் காட்டியவர்கள், வெல்டிங் வைத்தவர்கள் கதை தென்மாவட்டங்களில் எங்கு கேட்டாலும் கிடைக்கும். துப்பாக்கி தெரிந்த கைக்காரர், குழலுக்குள் ஒரு மரக்குச்சியை மெதுவாக இறக்கி அடையாளம் வைத்து, அதே குச்சியை வெளியே குழலோடு பிடித்துப் பார்ப்பார். குமிழ் இருக்கும் இடம் வரைக்கும் போகாமல் நாலு விரல் முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. இது அவர் செய்ய வேண்டிய வேலை. வாய்க்கு முன்னால் கையை வைத்து நீங்கள் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, நடுவில் மடங்கும் தோட்டாத் துப்பாக்கி. ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ இருக்கும், பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தில் சம அளவாக 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எத்தனை பருமனோ, அதுதான் அந்தக் குழலின் துளை, சுமார் 18.5 மில்லிமீட்டர். மூன்றாவது, பக்கவாட்டுப் பிடியை இழுத்துத் திறக்கும் ரைபிள். இதில் குழலைத் தவிர அடியில் இருக்கும் மேகசினிலும் தோட்டா இருக்கலாம். மேலே ஒன்றை எடுத்துவிட்டுக் காலி என்று நினைத்து மூடினால் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும்.

துப்பாக்கி பழகியவர், லைசென்ஸ் உள்ளவர் யாராவது கூட இருந்தால் மட்டும் திறந்து பார்க்கலாம். வாய் ஆளில்லாத பக்கத்துக் கனமான சுவரைப் பார்க்க வேண்டும், விரல் விசையை விட்டு வெளியே இருக்க வேண்டும். மடங்கும் துப்பாக்கியில் மேலே இருக்கும் நெம்பைத் தள்ளினால் குழல் கீழே சாயும். இரண்டு குழலையும் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். தோட்டா இருந்து, விரலால் இழுத்ததும் வந்துவிட்டால் எடுத்துத் தனியாக வைக்கலாம். ஊறி உப்பி இறுகிப்போயிருந்தால் திருப்புளி வைத்து நெம்பக்கூடாது. திறந்தபடியே வைத்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தி, பின்னுக்கு ஏறி நின்றால் அதை இறக்க முயல வேண்டாம். அறுபது வருடத் துருவில் அது எங்கே வழுக்கும் என்று தெரியாது. எண்ணெய் ஊற்றித் தட்டிப் பார்ப்பதும், "வேலை செய்யுதா" என்று விசையை அழுத்துவதும் ஒருபோதும் வேண்டாம்.

பக்கத்தில் யாரும் இல்லையா? தொடவே தொடாதீர்கள். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவைக் கிட்டத்தில் பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். டின்னைக் கவிழ்த்துத் தரையில் கொட்டாமல், இருந்தபடியே டார்ச் அடித்துப் பாருங்கள்.

12 போர் தோட்டா என்றால் பித்தளை அடியும் காகித உடலுமாக இருக்கும். பழையதில் முழுப் பித்தளையும் உண்டு. அடிப்பக்கத்தின் நடுவில் வட்டமான பொட்டு தெரியும், அதுதான் கேப்பு. அதில் குதிரை அடித்த குழி இருந்தால், சுட்டு வெடிக்காமல் போன தோட்டாவாக இருக்கலாம். அப்படிப்பட்டதை மற்றதைவிட அதிக எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். கேப்பு அடித்தளத்துக்கு மட்டமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்தி நின்றால், ஒன்றன்மேல் ஒன்று உரசினாலே ஆபத்து.

மேல்முனையைப் பாருங்கள். ஆலையில் செய்ததில் காகிதத்தின் விளிம்பு ஒரே சீராக உள்ளே சுருட்டி மடக்கியிருக்கும், பெயரோ எண்ணோ அச்சாகியிருக்கும். கையால் அடைத்ததில் அது இருக்காது. வட்டமாக வெட்டிய அட்டை ஒன்று மூடியாக உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி மெழுகோ அரக்கோ உருக்கி விட்டிருப்பார்கள். சில சமயம் அட்டையின் மேல் பென்சிலில் ரவையின் (உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகளின்) நம்பர் எழுதியிருக்கும். பித்தளை உடலில் பலமுறை துடைத்த கீறல்கள், ஒரே டின்னில் ஒரு தோட்டாவின் கேப்பு செம்பு நிறம், இன்னொன்றுடையது வெள்ளி நிறம் — இதெல்லாம் கை வேலைக்கு அடையாளம். பக்கத்திலேயே மரக் கைப்பிடி போட்ட ஒரு குத்துக்கட்டை, டிராம் என்ற பழைய அளவுக் கணக்கில் கோடு போட்ட பித்தளை அளவுக் கிண்ணம், தக்கை வெட்டும் வட்ட உளி, மேசை விளிம்பில் திருகி மாட்டும் ஒரு சின்ன இயந்திரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வீட்டில் யாரோ உட்கார்ந்து தோட்டா அடைத்திருக்கிறார்.

பச்சைக் களிம்பு, வெள்ளைப் பொடி பூத்தது, கழுத்தில் நெடுக்காக விரிசல், காகிதம் ஊறிப் பருத்தது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கேப்புகளில் பாதரசம் கலந்த மருந்து போட்டார்கள். அந்தப் பாதரசம் சுட்டபின் பித்தளையோடு சேர்ந்து அதை நொறுங்குகிற தன்மைக்குக் கொண்டுபோய்விடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் பித்தளை உள்ளே செத்துப்போயிருக்கும்.

ரைபிள் தோட்டா என்றால் அடிப்பக்க எழுத்தைப் படமெடுங்கள். கே.எஃப். என்றிருந்தால் புனே பக்கத்தில் உள்ள கட்கி ஆலையில் செய்தது, அநேகமாக 303. ராணுவம் பயன்படுத்திய அளவு என்பதால் 303 இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவு (போர்). அதனால்தான் நம் நாட்டில் லைசென்ஸ் ரைபிள்களில் 315 அதிகம். தடைசெய்யப்பட்ட வகை வீட்டில் இருந்தால் சட்டத்தில் தண்டனையும் கூடுதல். நாள் தள்ளாமல் சொல்லிவிடுவது நல்லது.

கை அடைப்பை ஏன் நம்பக்கூடாது

பொறுப்பாகத் தோட்டா அடைப்பவர் என்னென்ன பார்ப்பார் என்று தெரிந்தால் இது விளங்கும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். மருந்து செய்த ஆலை அச்சிட்ட அட்டவணையில் உள்ள கீழ் அளவில் தொடங்குவார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அத்தனை நுணுக்கமான எடை. குண்டை வைப்பதற்கு முன் எல்லாத் தோட்டாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, வெளிச்சம் அடித்து உள்ளே மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றில் இரண்டு முறை விழுந்திருந்தால் குழல் வெடிக்கும். ஒன்றில் விழவே இல்லை என்றால், கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு பாதிக் குழல் வரை போய்ச் சிக்கிக்கொள்ளும். அடுத்த தோட்டாவில் அதுவும் வெடிக்கும். கூட்டின் நீளத்தை அளப்பார், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வளையம், கூடு அங்கே பிய்யப்போகிறது என்பதற்கு அறிகுறி. கடைசியில் எந்த மருந்து, எத்தனை எடை, எந்தத் தேதி என்று பெட்டிமேல் எழுதி ஒட்டுவார்.

உங்கள் கையில் இருக்கும் டின்னிடம் இதில் ஒரு கேள்வியாவது கேட்க முடியுமா? அடைத்தவர் இல்லை. சீட்டு இல்லை. எந்த மருந்து என்பதே தெரியாது.

மருந்து மாறியதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. பழைய அளவுக் கிண்ணம் கருமருந்துக்குச் செய்தது. அது கனம் பார்க்காமல், கொள்ளளவில் அளக்கும். பின்னாளில் புகையில்லா மருந்து வந்தது. 1884-ல் பிரான்சில் தொடங்கி வேகமாகப் பரவியது. அதே கிண்ணத்தில் அதே கோடுவரை புது மருந்தை அள்ளிப் போட்டால், அழுத்தம் குழல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். உலகம் முழுக்க இந்தக் குழப்பத்தில் குழல்கள் வெடித்து விரல்கள் போயிருக்கின்றன. குழலின் மேல்பரப்பில் அலை அலையாக, மரத்தின் ரேகை மாதிரி கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் வகை. இரும்பையும் எஃகையும் கம்பியாக முறுக்கிச் சுற்றி அடித்த அந்தக் குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக்காகச் செய்தவை. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற முத்திரை இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்தது. அழகான வேலைதான், ஆனால் முத்திரை இருப்பதால் இன்றைக்கும் தாங்கும் என்று பொருளில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே டின்னில் 12 போரும் 20 போரும் கலந்து கிடக்கலாம். 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் உள்ளே வழுக்கிப் போய் நடுக்குழலில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் அவ்வளவுதான். இதற்காகவே இப்போது 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பழைய காகிதத் தோட்டாவில் இந்த நிறத்தை நம்ப முடியாது.

மருந்து டப்பாவும் கேப்பு டப்பாவும்

மூடியைத் திருகித் திறக்காதீர்கள். மூடியின் மரையில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும், உரசலே போதும்.

கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதம். இதற்கு வயதே கிடையாது. ஈரம் பட்டால் சும்மா இருக்கும், காய்ந்தால் பழையபடி வீரியம் வந்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிஞ்சிய ஒரு பீரங்கிக் குண்டு 2008-ல் வெடித்து, அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் இறந்தார். 140 வருடத்துக்கு மேல் பழைய மருந்து அது.

புகையில்லா மருந்துக்கு வேறு குணம். அது உள்ளுக்குள் மெதுவாகச் சிதையும், சிதையும்போது அமில வாயு வரும், அந்த வாயுவே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். இதைத் தடுக்கச் சேர்த்திருக்கும் பொருள் தீர்ந்துபோனால் மருந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். 1907-ல் இயேனா, 1911-ல் லிபெர்தே என்ற இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நின்றபடியே வெடித்ததற்கு இப்படிச் சிதைந்த மருந்துதான் காரணம் என்றார்கள். வெயில் சூடு இந்தச் சிதைவைக் கூட்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மேமாடித் தகரக் கொட்டகையில் எத்தனை கோடை அந்த டப்பா கிடந்ததோ! மூக்கைப் பொசுக்கும் புளித்த நெடி, டப்பாவின் உள்விளிம்பிலிருந்து கசியும் துரு, செம்பழுப்புப் புகை — இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டைவிட்டு எல்லோரும் வெளியே வந்து, 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். சேமியா போன்ற பழுப்புக் குச்சிகள் சிந்திக் கிடந்தால் அது கார்டைட். நைட்ரோகிளிசரின் கலந்தது, கையால் தொட வேண்டாம்.

கேப்பு டப்பா தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சின்னதாக இருக்கிறதே என்று குலுக்கிப் பார்க்கத் தோன்றும். இந்த அறையில் தட்டினாலும் உரசினாலும் மிகச் சுலபமாக வெடிப்பது அதுதான்.

செய்யவே கூடாதவை

ஊருணியில் போடாதீர்கள். கிணற்றிலும் வேண்டாம். தூர் வாரும்போது எந்திரத்தின் பல்லில் அது வந்து நிற்கும், அன்றைக்கு அங்கே கூலிக்கு நிற்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. குப்பையோடு எரிப்பது, மண்ணில் புதைப்பது, பட்டாசு மாதிரி பிரித்து மருந்தைக் கொட்டுவது எல்லாமே குற்றமும் ஆபத்தும்.

பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிற தூண், கதவு, கண்ணாடிப் படம், பீங்கான் சாமானோடு இதுவும் சேர்ந்து போய்விடக்கூடாது. "பித்தளை எடைக்குப் போடுங்க ஆச்சி" என்று வாசலில் வந்து கேட்பவரிடம் காலித் தோட்டாக் கூட்டைக்கூடக் கொடுக்க வேண்டாம். காலி என்று நினைத்ததில் கேப்பு உயிரோடு இருக்கலாம். உருக்குகிறவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

பாலீஷ் போட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்குவதும் வேண்டாம். ஓட்டலாக மாறிய வீடுகளில் அந்தக் காலத்து அலங்காரம் என்று இது நடக்கிறது, விருந்தாளியின் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ம் பிரிவுப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வைத்திருந்த ஐயா இறந்துவிட்டால் அவர் லைசென்ஸ் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. அப்படிப்பட்ட நிலைக்குத்தான் 21-ம் பிரிவு இருக்கிறது: எந்தக் காரணத்தால் வைத்திருப்பது சட்டப்படி இல்லாமல் போனாலும், தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் வாரிசுகள் குறிப்பிட்ட காலத்துக்குள் முறைப்படி திரும்பப் பெறவோ விற்கவோ கேட்கலாம். கேட்காமல் விட்டால் அரசுக்குப் போய்விடும். தெரிந்தும் மறைத்து வைத்தால் 25-ம் பிரிவில் சிறை உண்டு.

தோட்டா அடைக்கும் இயந்திரமும் உதிரிப் பாகங்களும் சட்டத்தின் கண்ணில் தோட்டாக் கணக்கில்தான் வரும். "மருந்து இல்லாத வெறும் கருவிதானே" என்று அதைத் தனியே எடுத்து வைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 5-ம் பிரிவுக்குக் கீழ் பெரிய குற்றம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அந்தப் பழைய இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் ஆசை பேரனுக்கு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

45-ம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பழைய மாதிரியான, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால் சட்டம் பொருந்தாது. ஆனால் அது சுடுமா சுடாதா என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் சுவரில் மாட்ட வேண்டும்.

பழைய காகிதம் தேடுவது

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் கணக்கு எழுதாத பொருள் அபூர்வம். லைசென்ஸ் புத்தகம், கடை ரசீது, வருடா வருடம் புதுப்பித்த முத்திரை எங்காவது இருக்கும். கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: எந்த ஊர் அலுவலகம் கொடுத்தது என்பது காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கும். இராயவரம், கோனாபட்டுப் பக்கம் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம். காகிதத்தில் அந்த முத்திரை இருக்கும். பின்பு 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை திருச்சி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 1985-ல் சிவகங்கை மாவட்டம் பிரியும் வரை இராமநாதபுரம் மாவட்டம். "சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் ரெக்கார்டே இல்லை" என்று பதில் வந்தால் மனம் தளராமல் இந்தப் பழைய மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒப்படைக்கும் முறை

பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ காரிலோ ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் போனிலோ நேரிலோ சொல்லுங்கள், ஆளை அனுப்பச் சொல்லுங்கள். மருந்து டப்பா, உப்பிய தோட்டா இருப்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அப்போதுதான் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அழைப்பார்கள். அவர்கள் வரும்வரை துப்பாக்கியும் தோட்டாவும் இருந்த இடத்திலேயே பூட்டி இருக்கட்டும். வேறு வழியில்லாமல் தோட்டாவை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியில், வெயில் படாத தரைத்தள அறையில் வையுங்கள். இறுக மூடிய இரும்பு டின் வேண்டாம். உள்ளே தீப்பிடித்தால் டின்னே வெடிக்கும்.

மனுவில் இவை இருக்க வேண்டும்: வீட்டு முகவரி, எந்தக் கட்டில் எந்த அறையில் கிடைத்தது, தேதி, யார் யார் பார்த்தார்கள், கண்ணுக்குத் தெரிந்தவரை எத்தனை, துப்பாக்கியில் தெரியும் எண்ணும் முத்திரையும், கடைசியாக யார் பெயரில் லைசென்ஸ். புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) ஒருவராவது கையெழுத்துப் போட்டால் நல்லது. எட்டுப் பங்காளிக்குச் சொந்தமான வீட்டில் ஒருவர் மட்டும் போய்க் கொடுத்தால், "எங்கய்யா துப்பாக்கியை யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க" என்று பத்து வருடம் கழித்துச் சண்டை வரும். ஒப்படைத்ததும் எண்ணோடு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

துப்பாக்கியைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற விரும்பினால், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு கலெக்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்குதான். உயிரோடு இருக்கும் லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவரே வாரிசுக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

லைசென்ஸ் கைக்கு வந்தபிறகும் பழைய தோட்டாவைத் திருப்பிக் கேட்காதீர்கள், அழிக்கவே சொல்லிவிடுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் குழலைக் காட்டி, துளையின் போர், அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளம், உள்ளே அரிப்பு, மூட்டில் ஆட்டம் எல்லாம் பார்த்து எழுதி வாங்குங்கள். பழைய 12 போர்கள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம் இருக்கும். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா. அறைக்குள் நுழைவது போலத் தோன்றினாலும், சுடும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். எந்த நீளம் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதைக் காட்டித் தோட்டா வாங்குங்கள்.